சஹனுக்குள் ஒரு கிண்ணம்

உணவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் தலைமை உணவியலாளர் கேட்டார். என்னிடம் வேலை பழகிய காலத்தில் அவர் தராசைக் கண்டாலே பயப்படுவார். இப்போது என்னடாவென்றால், "கணக்கெல்லாம் எழுத வேண்டாம் சார், அதை ஃபோனே போட்டிரும். வேற ஏதாவது எழுதுங்க" என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. கணக்குப் போட்டே காலம் தள்ளியவனிடம் வேறு என்ன இருக்கும்?

சரி, விட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும்: தராசை மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். இரண்டாவது, பேட்டரி. மூன்றாவதைச் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்தப் போவதில்லை என்று என் மனைவி அடுத்த அறையிலிருந்து சத்தம் போடுகிறாள்.

நான் எண்ணுகிற ஆள். மாடிப்படி, டப்பாவில் மிச்சமிருக்கும் முறுக்கு, துறைமுகச் சாலையில் என்னைத் தாண்டிப் போகும் லாரி என்று எல்லாவற்றையும் எண்ணுவேன். எண்ணி முடித்த பிறகு, சரியாகத்தான் எண்ணினோமா என்று கவலைப்படுவேன். இந்தக் குணத்துக்கென்றே படைத்தது போல ஒரு வேலை நம் தொழிலில் உண்டு. அதுதான் வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கான கீட்டோ உணவு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகளுக்கு எந்த மருந்து கொடுத்தாலும் வலிப்பு அடங்குவதில்லை. அவர்களுக்குச் சோறு, இட்லி, சர்க்கரை, பழம் எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டு, எண்ணெயும் வெண்ணெயும் தேங்காயும் முட்டையுமாகக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறோம். உடம்பு சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அந்த நிலை நிலைத்து நின்றால் சிலருக்கு வலிப்பு குறைகிறது. எல்லாருக்கும் அல்ல. குறைகிற குழந்தைக்கும் நடுவில் ஒரு கைப்பிடி சோறு உள்ளே போய்விட்டால் கட்டியதெல்லாம் சரிந்துபோகலாம். அதனால் இந்த வேலையில் நாம் அஞ்சுவது நோயைவிட அடுப்பங்கரையைத்தான். யார் கை எந்தத் தட்டில் விழுகிறது என்பதுதான் ராத்திரியும் பகலும் நம் கவலை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் காயல்பட்டினத்திலிருந்து ஜீனத் என்ற பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மகள் நஸ்ரினுக்கு ஐந்து வயது. பிள்ளைக்கு வருகிற வலிப்பு கைகால் வெட்டி இழுக்கிற வகை அல்ல. பேசிக்கொண்டே இருக்கும்போது தலை சட்டென்று முன்னால் தொங்கும். அடுத்த நொடி ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை என்று அம்மா எண்ணுவதை விட்டிருந்தாள். நெற்றியில் புதுத் தழும்பும் பழைய தழும்புமாக இருந்தன. மூன்று மருந்துகள் பார்த்தாகிவிட்டது. "கீட்டோவைப் பார்ப்போம். மூணு மாசம். பலன் இருந்தா தொடர்வோம், இல்லன்னா நிறுத்திருவோம்" என்று நரம்பியல் டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

அப்பா ஷாகுலுக்குச் சவூதியில், தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஊர் வழக்கப்படி ஜீனத் இருந்தது தாய்வீட்டில். அதே வீட்டில் அவளுடைய அக்கா மர்யமும் மர்யமின் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அக்காவை அங்கே லாத்தா என்பார்கள். முதல் நாள் பாடம் கேட்க லாத்தாவும் வந்திருந்தாள். நான் தேங்காய் எண்ணெயை நிறுத்து முட்டையில் ஊற்றிக் காட்டியபோது அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இது முட்டைக்கு எண்ணெயா, எண்ணெய்க்கு முட்டையா?"

"எண்ணெய்க்குத்தான் முட்டை."

"நல்லா வைத்தியம் பாக்குறிய. நாங்க வாடா பொரிக்கவே இவ்வளவு ஊத்த மாட்டோம்."

வாடா என்பது அவர்கள் ஊரில் எண்ணெயில் பொரிக்கும் பலகாரம். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குத் தராசு அண்ணாச்சி என்று பெயர்.

ஜீனத் கெட்டிக்காரி. நான் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தாள். சாளை மீனை முள் நீக்கி நிறுத்தாள். கருவேப்பிலையைக்கூட நிறுத்துவிட்டு, "இதையும் கணக்குல சேக்கணுமா சார்?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் வழித்துக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான் என்று சொல்லியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் நஸ்ரின் விரலால் வழித்து நக்கிவிட்டுக் கிண்ணத்தைச் சாய்த்து ஃபோனில் எனக்குக் காட்டுவாள். நான் "சுத்தம்" என்பேன். அதற்குப் பிறகுதான் எழுந்திருப்பாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

இரண்டாவது வாரத்திலேயே தலை தொங்குவது குறைந்தது. நான்காவது வாரத்தில் ஜீனத் ஃபோனில் அழுதாள். நான் பயந்துபோய், என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார். இன்னைக்கு முழுக்க வரல்ல" என்றாள். அன்று சாயந்தரம் நான் வீட்டுக்கு மக்ரூன் வாங்கிப் போனேன். மனைவி பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "எண்ணி வாங்கினீங்களா, நிறுத்து வாங்கினீங்களா?" என்றாள்.

ஐந்தாவது வாரத்தில் நஸ்ரின் வாயை மூடிக்கொண்டாள்.

வாந்தி இல்லை, வயிற்று வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கிண்ணத்தை முன்னால் வைத்தால் உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இப்படிப்பட்ட குழந்தைகளைப் பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று விட்டுவிட முடியாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், மயங்கிவிடும். நான் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். ஆம்லெட்டைப் பணியாரக் குழியில் ஊற்றச் சொன்னேன். தேங்காய்ப் பாலையும் கிரீமையும் உறையவைத்துக் குச்சி சொருகச் சொன்னேன். வெண்ணெயில் மீனைப் பிசைந்து உருண்டை பிடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு புதுப் பண்டத்தையும் ஒரு வாய் வாங்குவாள், பிறகு மூடிக்கொள்வாள். ஒவ்வொரு வேளையும் ஜீனத் கெஞ்சி, கதை சொல்லி, முடிவில் அழுதாள். தம்மாமிலிருந்து ஷாகுல் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க படிச்ச ஆளு. ஒண்ணு கேக்குறேன். வலிப்போட சோறு தின்னுக்கிட்டிருந்த புள்ளைய வலிப்பில்லாம பட்டினி போடுறது என்ன நாயம்?"

அடுத்த வாரம் டாக்டரிடம் காட்ட வேண்டிய தேதி. பிள்ளை சாப்பிடாவிட்டால் உணவை நிறுத்துவதைத் தவிர அவருக்கும் வழி இல்லை. நிறுத்தினால் மறுபடியும் அந்தத் தலை, அந்தத் தழும்புகள்.

நான் புதுச் சமையல் குறிப்புகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த டிஷ் எல்லாம் இருக்கட்டும். அந்த வீட்டுக்குப் போனீங்களா?" என்றார்.

"ஃபோன்ல தினமும் பாக்குதேன் டாக்டர்."

"ஃபோன்ல கிண்ணம்தான தெரியும்."

நம் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகிற வழக்கம் அப்போது கிடையாது. காயல்பட்டினத்தில், வீட்டு ஆண் வெளிநாட்டில் இருக்கும்போது அன்னிய ஆண் ஒருவன் திடுதிப்பென்று போய் நிற்கவும் முடியாது. அதனால் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். திருச்செந்தூர் பஸ்ஸில் வழியெல்லாம் நான் உப்பளங்களில் குவித்திருந்த அம்பாரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். "பிள்ளை சாப்பிடலன்னு போறோம், நீங்க உப்ப எண்ணுதீங்க" என்றாள் அவள். கவலை வந்தால் எனக்கு எண்ணிக்கை கூடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

சரியாக மதியச் சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மர்யம் நின்றாள்.

"வாங்கோ அண்ணாச்சி. தராசு எங்க? பின்னால லாரில வருதா?"

கூடத்தின் நடுவில் ஒரு சின்னப் பாய் விரித்திருந்தது. அதில் நஸ்ரின் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் கிண்ணம், பக்கத்தில் தராசு. எதிரே ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்த ஃபோனில் ஷாகுலின் முகம். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் லாத்தா. இப்போது நானும் என் மனைவியும் வேறு. அவள் கை வாய்க்குப் போகிறதா என்று எல்லாக் கண்களும் அந்தக் கையையே பார்த்தன. அந்தக் கை மடியை விட்டு அசையவில்லை.

பக்கத்து அறையின் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். பாத்திரம் தரையில் இழுபடும் சத்தம். "ஏ, அது என் கறி!" என்று ஒரு பையனின் குரல்.

"அங்க யாரு?" என்று கேட்டேன்.

"என் புள்ளைக" என்றாள் மர்யம். "சஹன்ல சோறு வெச்சிருக்கேன். இவ பாத்தா ஆசைப்படுவான்னு ஒரு மாசமா கதவ சாத்தி வெச்சுத்தான் குடுக்குறேன். பாவம், பச்சப் புள்ள எப்படித் தாங்கும்?"

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றையும் கறியையும் வைத்து மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் பெரியவர்களுக்கும் அதுதான். அந்த வீட்டில் பிள்ளைகளுக்குத் தினமும் அதுதான். நஸ்ரின் உட்காரத் தெரிந்த நாளிலிருந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்தவள்.

யாருடைய கையும் அவள் கிண்ணத்தில் படக்கூடாது என்றுதான் நான் சொல்லியிருந்தேன். கதவைச் சாத்தியது அவர்களுடைய அன்பு. அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன்.

என் மனைவி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏளா, சாப்பிட்டுட்டு அவங்களோட விளையாடப் போலாம்லா?" என்று கேட்டாள்.

நஸ்ரின் கதவைப் பார்த்தாள். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் அம்மாவிடம் சொன்னாள்:

"உம்மா, இனிமே சஹன்ல தலைய முட்ட மாட்டேன். நல்லா நேரா உக்காருவேன். என்னைய உள்ள விடுங்க."

ஃபோனில் ஷாகுல் மட்டும், "என்ன சொல்லுறா? கேக்கல்ல. என்ன சொல்லுறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மர்யம்தான் விளக்கினாள். உணவு தொடங்குவதற்கு முந்திய வாரம், சஹனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நஸ்ரினுக்கு வலிப்பு வந்து முகம் சோற்றில் போய் விழுந்திருக்கிறது. மர்யமின் கடைசிப் பையன் சிரித்துவிட்டான். மர்யம் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அத்தோடு எல்லாரும் மறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் கதவும் தனிப்பாயும் வந்தன. பெரியவர்களுக்கு அவை இரண்டும் வேறு வேறு சங்கதி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றுதான். சோற்றில் தலை வைத்ததற்காகத் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒரு மாதம் அவள் நினைத்திருக்கிறாள். அந்த மாதத்தில் அவளுக்குத் தலை தொங்குவதே நின்றுகொண்டு வந்தது. தான் திருந்தியும் கதவு திறக்கவில்லை என்பதுதான் அவள் வாயை மூடியதற்குக் காரணம். நானோ பணியாரக் குழியில் ஆம்லெட் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளே, அந்தக் கூடத்தில் நான் எடுக்க வேண்டியிருந்த முடிவைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். என் படிப்பும் குணமும் ஒன்றைத்தான் சொன்னன: சோறு இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இந்தக் குழந்தை போகக்கூடாது. இன்னொரு பக்கம், அந்த மூடிய வாயை எந்தப் பண்டத்தாலும் திறக்க முடியாது என்பது என் கண்முன் தெரிந்தது. தூத்துக்குடிக்குத் திரும்பி யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மதியச் சாப்பாடு அந்தக் கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் காலையிலும் சாப்பிடவில்லை.

"கதவைத் திறங்க" என்றேன்.

மர்யம் அசையவில்லை. "அண்ணாச்சி, ஒரு பருக்க விழுந்தா?"

"ஒரு பருக்கைக்கு ஒண்ணும் ஆகாது. பத்துப் பருக்கை விழுந்தா எனக்குச் சொல்லுங்க. ஒரு பிடி அள்ளிட்டாள்னா உடனே சொல்லுங்க."

"இதத் தொடக்கத்துலயே சொல்லியிருந்தா நான் ஒரு மாசமா பருக்க பொறுக்கிக்கிட்டு இருந்திருக்க மாட்டேனே."

சஹனை நடுக்கூடத்துக்குக் கொண்டுவரச் செய்தோம். சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினாள் மர்யம். காலியான பக்கத்தில், சஹனுக்கு உள்ளேயே, நஸ்ரினின் கிண்ணத்தை வைத்தோம். உயரமான விளிம்புள்ள கிண்ணம். வெளியே வைத்தால் அது தனித்தட்டு, உள்ளே வைத்தால் அவளும் அந்த வட்டத்தில் ஒருத்தி. மர்யம் அவளுக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்துகொண்டாள். ஷாகுலிடம், "வேலையப் பாருங்க மச்சான், ராத்திரி பேசுவோம்" என்று சொல்லி ஃபோனை அணைத்தாள். என்னையும் என் மனைவியையும் பார்த்து, "நீங்களும் ஒரு அஞ்சு நிமிசம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. புள்ளைய இப்படிப் பாத்தா எனக்கே தொண்டைல எறங்காது" என்றாள்.

நாங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. நான் அதில் கட்டங்களை எண்ணத் தொடங்கினேன். பின்னால் குரல்கள் மட்டும் கேட்டன.

"அது என்னது?" இது சிரித்து அடி வாங்கிய பையன்.

"முட்ட."

"எனக்கும் தா."

"உனக்கு அது கூடாது" என்றாள் நஸ்ரின். அத்தனை வாரமாக அவள் காதில் மட்டுமே விழுந்த சொல் அது. அன்று அவள் அதை இன்னொருவனுக்குச் சொன்னாள். குரலில் இருந்த கம்பீரத்தைக் கேட்டு என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் தோளை யாரோ தட்டினார்கள். திரும்பினேன். நஸ்ரின் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள். "சுத்தம்" என்றேன்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடாது. பத்துப் பதினைந்து நாளில் உடம்பு கொழுப்பை எரிக்கிறதா என்று நிறத்தில் காட்டும் சிறுநீர்ப் பட்டை வெளுத்தது. மறுநாள் ஒருமுறை தலை தொங்கியது. மர்யம் துப்புத் துலக்கி, அந்தப் பையனை ஃபோன் முன்னால் இழுத்துவந்து நிறுத்தினாள். ஆம்லெட்டுக்குக் கீழே நெய்ச்சோற்றுக் கிஸ்மிஸை ஒளித்து வைத்துக் கொடுத்திருக்கிறான்.

"ஏன்லே அப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"அவளுக்கு இனிப்பே இல்லல்ல" என்றான் அழுதுகொண்டே. "நான் சிரிச்சேன்லா, அதுக்கு."

ஷாகுல் அன்று ராத்திரி பேசினார். மறுபடியும் கதவைச் சாத்துங்கள் என்றார். நியாயமான கோபம்தான். என் உள்மனசும் அதையேதான் சொன்னது. ஆனால் கதவைச் சாத்தினால் வாயும் சாத்திக்கொள்ளும் என்று நாங்கள் பார்த்தாகிவிட்டது. அன்று நான் அவருக்குச் சொன்னது இதுதான்: அந்தப் பையனுக்குக் கொடுக்க வேண்டும், அவளுக்கு வாங்க வேண்டும், இரண்டையும் தடுக்க முடியாது, அதனால் அதையும் கணக்கில் சேர்த்துவிடுவோம். மதியக் கணக்கில் கொஞ்சம் எண்ணெயைக் குறைத்து, ஒரு கீற்றுப் பச்சைத் தேங்காயைச் சேர்த்தேன். அதை ஜீனத் நிறுத்துப் பையனிடம் கொடுத்துவிடுவாள். அவன்தான் தன் கையால் நஸ்ரினுக்குக் கொடுக்க வேண்டும். கிஸ்மிஸ் நின்றது. பட்டை மறுபடியும் நிறம் ஏறியது. அதன் பிறகு நான் எந்த வீட்டுக்கு உணவுத்திட்டம் போட்டாலும், யாராவது ஒருவர் கையால் கொடுக்கும் ஒரு துண்டுக்கு இடம் விட்டுத்தான் போட்டேன். உங்கள் ஃபோன் அந்த இடத்தைக் காலியாக விடாது. நீங்கள்தான் விட வேண்டும்.

என்னைப்போல் கவலைப்படும் குணம் உங்களுக்கு இருந்தால் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் அந்த உணவில் இருந்தாள். பிறகு டாக்டர் மெதுவாகச் சோற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். வலிப்பு திரும்பவில்லை. இப்போது ஒரே ஒரு மாத்திரை. அவளைவிடக் கவனமாகப் பார்த்த குழந்தைகளில் பலன் கிடைக்காமல் நிறுத்தியவர்களும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் என் மனசில் நிற்பது அந்த முடிவு அல்ல. உணவு தொடங்கி ஆறேழு மாதம் இருக்கும்போது ஜீனத்தின் கடைசித் தங்கைக்கு நிக்காஹ் வைத்தார்கள். ஷாகுல் லீவில் வந்தார். என்னையும் அழைத்திருந்தார்கள். இத்தனை மாதமாக ஃபோனில் கோபமாகவே பேசியிருந்த மனிதர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மகளை அவர் நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தால் அவர் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். தழும்பு எல்லாம் பழசாகிவிட்டதா என்று பார்த்திருக்க வேண்டும்.

பந்தலில் ஆண்களுக்குச் சஹன் வைத்தார்கள். நெய்ச்சோறு, கறி, கத்தரிக்காய்ப் பருப்பு. ஷாகுல், மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்திகள் இரண்டு பேர், நான். உட்கார்ந்ததும் நஸ்ரின் பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் தன் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். வந்தவள் எங்கள் சஹனில் ஷாகுலுக்கு முன்னால் சோற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிண்ணத்தை உள்ளே வைத்து, வாப்பாவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

ஷாகுலுக்கு என்ன தோன்றியதோ. எல்லாம் தெரிந்த மனிதர்தான். ஆனாலும் கை தானாக நெய்ச்சோற்றை அள்ளி, ஒரு துண்டுக் கறியை வைத்து, உருட்டி, மகளின் வாய்க்கு நேராகப் போனது. "பிஸ்மி சொல்லு" என்றார்.

அந்த ஒரு வாயில் எவ்வளவு மாவுச்சத்து என்று என் தலை அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. அவளுடைய ஒரு வேளைக் கணக்கு முழுவதையும் அது விழுங்கிவிடும். கூடாது என்று நான் வாயைத் திறந்தேன். சம்பந்திகள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து வந்த ஒரு தகப்பன் ஊட்டுகிற முதல் வாய். அதை நாலு பேர் முன்னால் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. மறுபக்கம் ஆறேழு மாத உழைப்பு. எதைச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது. நல்லவேளையாக நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நஸ்ரின் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாப்பா, அது உங்களுக்கு. இது எனக்கு."

அவர் கை அப்படியே நின்றது. முகம் விழுந்துபோயிற்று. அவள் அதைப் பார்த்தாள். கிண்ணத்திலிருந்து எண்ணெய் சொட்டும் ஆம்லெட்டில் ஒரு துண்டைப் பிய்த்தாள்.

"ஆ காட்டுங்க."

அவர் வாயைத் திறந்தார். எண்ணெய் தாடியில் வழிந்தது. சம்பந்திகளில் மூத்தவர், "யாரடா இது, சோறு கேட்டா செக்கையே ஊட்டுறா!" என்று சிரித்தார். ஷாகுல் மென்றார், தலையைக் குனிந்துகொண்டு மென்றுகொண்டே இருந்தார். பிறகு தான் உருட்டியிருந்த சோற்றைத் தானே சாப்பிட்டார்.

திரையின் ஓரத்தில் ஜீனத் நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். என்னைப் பார்த்து, விரலைச் சஹன் பக்கம் காட்டி, பிறகு தராசில் நிறுப்பது போலக் கையை ஆட்டினாள். குறைந்ததை நிறுத்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாள். அந்தத் துண்டு பத்து கிராம் இருக்கும். முட்டையும் எண்ணெயும் சேர்ந்தே போனதால் விகிதம் மாறாது, அளவுதான் கொஞ்சம் குறையும். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

நஸ்ரின் மிச்சத்தைச் சாப்பிட்டு, விரலால் வழித்து நக்கி, கிண்ணத்தை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். பத்து கிராம் குறைவு என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தம்" என்றேன்.